தண்ணி ஊத்தாதே என்று சொன்னவன் எழுதுவது

கிரானைட்டும் டைல்ஸும் அறுக்கிற தம்பிகளுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து சமையல் மேடைக்குக் கல் அறுத்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். வாயைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தார். மெஷினைக் கல்லில் வைத்ததுமே வெள்ளைப் புகை மாதிரி எழும்பித் தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டம்மா கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு பக்கம் அறுத்து முடித்து அந்தத் தம்பி நிமிர்ந்தபோது புருவம், இமை, காது மடல் எல்லாம் நரைத்துக் கிடந்தன. அடுத்தது சிங்க்குக்கு ஓட்டை போட வேண்டும். "சார், ஒரு பக்கெட் தண்ணி கிடைக்குமா? ஊத்தி அறுத்தா தூசி அடங்கும்" என்று கேட்டார்.

"வேணாம் தம்பி, போர்டிகோவுல இப்பத்தான் புது டைல்ஸ் போட்டிருக்கு. சேறாயிடும். அப்படியே அறுத்துடுங்க" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்ததும் அதே தூசிக்குள் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நாங்கள் கொடுத்த டீயைக் குடித்தார்.

இப்படிச் சொன்னவன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனை ஒன்றில் 31 வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். "சட்டையைக் கழட்டுங்க, தாடையை மேல வைங்க, தோளை முன்னாடி தள்ளுங்க, மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க... விடுங்க." இதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். கல் வேலை பார்த்து நெஞ்சு போனவர்களின் படங்களை இருட்டறையில் என் கையாலேயே கழுவிக் காயவைத்திருக்கிறேன். எந்தத் தூசி எங்கே போய் உட்காரும் என்று தெரியாத ஆள் இல்லை. தெரிந்தும் வாசல் டைல்ஸுக்காக வாய் கூசாமல் சொன்னேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டவன். அப்படிக் கேட்டதில், உங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

கறிக்கடையில் நுரையீரலைப் பார்த்திருப்பீர்கள். ஈரலைத் தண்ணீரில் போட்டால் முங்கும், நுரையீரல் மிதக்கும். பெயரிலேயே நுரை இருக்கிறது, வைத்தவர் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும், அது ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகும். இப்படி 23 தடவை பிரிந்து பிரிந்து கடைசி நுனிகளில் கொத்துக் கொத்தாகக் காற்று நுண்ணறைகள் இருக்கும். மணத்தக்காளிக் குலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழம் ஒவ்வொன்றுக்குள்ளும் வெறும் காற்று. உங்கள் டேப்பில் ஒரு மில்லிமீட்டர் கோடு இருக்கிறதே, அந்த இடைவெளிக்குள் ஐந்து நுண்ணறைகளை வரிசையாக வைக்கலாம். ஒரு மனிதனுக்குச் சராசரியாக 48 கோடி. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். நெஞ்சுக்குள் இப்படி ஒன்று இருப்பது 1661இல்தான் தெரிந்தது. இத்தாலியில் மார்செல்லோ மால்பிகி என்ற மருத்துவர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சொன்னார். அதுவரை நுரையீரல் என்றால் ரத்தம் ஊறிய சதை என்றே நினைத்திருந்தார்கள்.

இந்த 48 கோடி அறைகளின் சுவர்களையும் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். உங்கள் கணக்கில் 750 சதுர அடி. இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றுக்கு நீங்கள் தரை போடுகிற அளவு. அத்தனை பெரிய தரையைச் சுருட்டி மடக்கி விலா எலும்புக் கூட்டுக்குள் வைத்திருக்கிறது உடம்பு.

அந்தத் தரையின் கனத்தைக் கேளுங்கள். நீங்கள் ஒட்டும் டைல்ஸ் 8 மில்லி, 10 மில்லி இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை எடுத்து அதையும் பாதியாக்கினால் என்ன வருமோ, நுண்ணறைச் சுவர் பல இடங்களில் அவ்வளவுதான். இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். ஒரு சிவப்பணு அந்தச் சுவரை ஒட்டிக் கடந்துபோக முக்கால் நொடி ஆகும். அதில் முதல் கால் நொடியிலேயே தனக்கு வேண்டிய ஆக்சிஜனை வாங்கிக்கொண்டுவிடும். மீதி அரை நொடி கையிருப்பு. கல் சுமந்து மாடி ஏறும்போது ரத்தம் வேகமாக ஓடுகிறதே, அப்போது இந்தக் கையிருப்புதான் கை கொடுக்கிறது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் பாதிப்பு தொடங்கி ரொம்ப நாள் வரைக்கும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. மாடிப்படிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. நுண்ணறையின் உள்பக்கம் எப்போதும் ஈரம். பாலிஷ் போட்ட இரண்டு கல்லை நனைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கப்பென்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்க எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நுண்ணறைகளும் ஒவ்வொரு மூச்சிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், சுவரில் இருக்கும் சில செல்கள் சோப்பு மாதிரி ஒரு வழவழப்பைச் சுரந்து பூசிக்கொண்டே இருப்பது. குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சுரப்பு போதுமானபடி வந்திருக்காது. அப்படிப் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முதல் மூச்சுக்கு உண்டான பாடு படும். காரணம் இந்தச் சுரப்பின் குறைதான் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் கண்டு எழுதினார்கள். நான்கு வருஷம் கழித்து, 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை இதே நோயால் இரண்டு நாளில் இறந்தது. அன்று அதிபர் வீட்டுக்கே மருந்து இல்லை. இன்று அந்த வழவழப்பையே மருந்தாக்கிக் குழந்தையின் மூச்சுக்குழலில் ஊற்றுகிறார்கள்.

உங்கள் தூசிக்கு வருகிறேன். இமையில் நரைத்துக் கிடந்தது சாயங்காலம் குளித்தால் போய்விடும். மூக்கில் அடைத்தது சிந்தினால் வரும். தொண்டைக்குக் கீழே போனதைச் சளியில் ஒட்டவைத்து மேலே ஏற்றித் துப்பவைக்கிற ஏற்பாடு மூச்சுக்குழல் நெடுகிலும் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சின்னதாக இருக்கிற தூள் இவ்வளவையும் தாண்டி நுண்ணறை வரை போய்விடும். அது கண்ணுக்குத் தெரியாது. பெரிய தூசி தரையில் இறங்கி, தெரு தெளிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் இது காற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தம்பி கைக்குட்டையை இறக்கிவிட்டு டீ குடித்த நேரம் அதுதான். கைக்குட்டை கட்டியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் நூலுக்கு நூல் இருக்கிற சந்து இந்தத் தூளுக்குக் கோயில் வாசல் மாதிரி.

நுண்ணறைக்குள் சளி ஏணி கிடையாது. காவலுக்கு ஒரு வகை செல் சுற்றிக்கொண்டிருக்கும். கிருமி வந்தாலும் தூசி வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடும். கரியைக்கூட விழுங்கி வைத்துக்கொண்டு சமாளிக்கும். கல்லில் இருக்கும் குவார்ட்ஸைத்தான் அதால் ஒன்றும் செய்ய முடியாது. குவார்ட்ஸ் என்றால் வேறொன்றும் இல்லை, நம் ஊர் வெங்கச்சாங்கல். சின்ன வயதில் இருட்டில் இரண்டை உரசிப் பொறி பறக்கவிட்டு விளையாடியிருப்போமே, அதேதான். அதைப் புதிதாக உடைத்த தூள் காவல் செல்லையே கொன்றுவிடும். செல் வெடித்ததும் உள்ளே இருந்த சாறெல்லாம் நுண்ணறைச் சுவரில் கொட்டும். தூள் மட்டும் அப்படியே வெளியே வந்து கிடக்கும். இன்னொரு செல் வந்து அதை விழுங்கும், அதுவும் சாகும். ஒரே தூள் எத்தனை காவல்காரனைத் தின்னும் என்று கணக்கில்லை.

சுவரில் வெடிப்பு விட்டால் கொத்தனார் கலவை போட்டு அடைப்பார். உடம்பும் அதைத்தான் செய்கிறது. புண்ணான இடத்தில் தழும்பு போட்டு அடைக்கும். சாகச் சாக அடைக்கும், அடைக்க அடைக்கத் தழும்பு முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும். காற்று புகுந்து விரிய வேண்டிய 750 சதுர அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெண்ட் பூச்சு ஏறுகிற மாதிரி. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் உள்ளே இருக்கிற தூள் தன் வேலையை விடாது. ஏற்பட்ட தழும்பைக் கரைக்கிற மருந்து இன்று வரை இல்லை.

சாதாரணமாகப் பத்து வருஷத்துக்கு மேல் தூசி தின்றால்தான் படத்தில் தெரியும். தூசி ரொம்ப அதிகமாக இருந்தால் ஐந்து வருஷத்திலேயே வந்துவிடும். மூடிய அறைக்குள் காய்ந்த கல்லை நாள் முழுக்க அறுக்கிறவருக்குச் சில மாதங்களில்கூட வரலாம். அந்த வகையில் தழும்புக்கு முன்னாலேயே, மேலே சொன்ன சோப்புச் சுரப்பு கட்டுப்பாடில்லாமல் பெருகி நுண்ணறைகளை நிரப்பிவிடும். ஆள் தண்ணீரே படாமல் மூழ்குவார்.

எக்ஸ்ரே படத்தில் கறுப்பு என்றால் காற்று, வெள்ளை என்றால் கெட்டியான பொருள். பலர் இதை மாற்றி நினைத்துக்கொண்டு, "பீடி குடிச்சுக் குடிச்சு என் நெஞ்சு கறுப்பாத்தான் இருக்கும், இல்லையா சார்?" என்று கேட்பார்கள். பீடிக்காரர் படம் உண்மையிலேயே ரொம்பக் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கரியால் இல்லை. புகை நுண்ணறைகளின் தடுப்புச் சுவர்களை அரித்துவிடும். பத்துச் சின்ன அறை இடிந்து ஒரு பெரிய மண்டபம் ஆகிவிட்டால் இடம் நிறைய இருக்கும், சுவர் இருக்காது. சுவரில்தானே வேலையே நடக்கிறது. இழுத்த காற்று வெளியே வர முடியாமல் உள்ளேயே தேங்கி, நெஞ்சு பீப்பாய் மாதிரி உப்பிவிடும். எம்பசீமா என்பார்கள். நிமோனியா வேறு கதை. அதில் அறைகள் சீழும் நீரும் நிறைந்து அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும், பெரும்பாலும் மருந்தில் வடிந்துவிடும். கல்தூசிப் படத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு நுரையீரலின் மேல்பாகத்திலும் ரவையை அள்ளித் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சிலருக்கு நடுவில் இருக்கிற நெறிகட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி மெல்லிய சுண்ணாம்புக் கோடு ஓடும்.

மேல்பாகத்தில் புள்ளி என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டிபி. இங்கேதான் நான் ரொம்ப வருத்தப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்தார். பழைய படங்களைச் சுருட்டி மஞ்சள் பையில் வைத்திருந்தார். மூன்று தடவை டிபி மாத்திரை முழுக் கோர்ஸ் சாப்பிட்டவர். சளியில் ஒரு தடவைகூடக் கிருமி வரவில்லை. ஸ்டாண்டில் நெஞ்சை வைத்து நின்றவரிடம் வழக்கம்போல "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். அவரால் பிடிக்க முடியவில்லை. படம் ஆடிப்போய்விட்டது. இரண்டாவது தடவையும் ஆடியது. மூன்றாவது தடவை "நீங்க பிடிக்க வேணாம், நானே பார்த்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, அவர் மூச்சை இழுத்து முடிக்கிற நொடிக்காகக் காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். அன்று மேற்படிப்பு படிக்கிற ஒரு பெண் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "அய்யா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"அம்மி, ஆட்டுக்கல் கொத்துவேன்மா. அப்புறம் கிரானைட்டு."

மூன்று கோர்ஸ் மாத்திரைக்கு அப்புறம் கேட்கப்பட்ட கேள்வி. நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700இலேயே தொழிலாளர் நோய்கள் பற்றிய தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். இறந்துபோன கல்தச்சர்களின் நுரையீரலை அறுத்தபோது கத்தி மணலுக்குள் போவது போலிருந்தது என்று இன்னொரு மருத்துவர் சொன்னதையும் அதில் குறித்திருக்கிறார். முன்னூறு வருஷம் ஆகியும் எங்கள் வெளிநோயாளர் சீட்டில் தொழில் என்கிற கட்டம் காலியாகத்தான் கிடந்தது.

அதனால் டாக்டர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "கூலி வேலை", "கட்டட வேலை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "காய்ஞ்ச கல்லை மெஷின்ல அறுக்கிறேன், இத்தனை வருஷமா" என்று சொல்லுங்கள். சிலிகோசிஸ் வந்தவருக்கு டிபி பிடிக்கிற வாய்ப்பும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சளியைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள், மாத்திரை கொடுத்தால் நடுவில் நிறுத்தாதீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளையில் சிலேட்டுக்குச்சியைக் கடித்துத் தின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பக்கம் அந்தக் குச்சியை மெஷினில் உலர அறுத்த தொழிலாளிகளை 1980களில் பரிசோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ். நாம் இங்கே அ, ஆ எழுதிப் பழகினோம், அவர்களுக்கு அங்கே மூச்சு போனது. ஆஸ்திரேலியாவில் உங்கள் தொழிலேதான், சமையல் மேடைக்குக் கல் அறுத்துப் போடுவது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்கூடக் குவார்ட்ஸ் தூளைப் பசையில் கெட்டியாக்கிய செயற்கைக் கல் அங்கே பிரபலமாகி, இளம் வயதுக்காரர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது அந்த நாடு. நம் ஊர் ஷோரூமில் அதைக் குவார்ட்ஸ் டாப் என்று பெருமையாக விற்கிறார்கள். சாதாரணக் கிரானைட்டில் கால் பங்கு அளவுக்குக் குவார்ட்ஸ் இருக்கும், சிலதில் இன்னும் கூடுதல். கறுப்புக் கல் என்று விற்கிற சில வகைகளில் ரொம்பக் குறைவு. அதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், இன்றைக்குக் கறுப்பு அறுத்தவர் நாளைக்கு வெள்ளை அறுப்பார்.

வேலையை விடுங்கள் என்று சொல்ல நான் யார்? தண்ணீர் ஊற்றி அறுங்கள், அவ்வளவுதான். கல் அறுக்கிற தொழிற்சாலைகளில் பெரிய பிளேடுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளேடு சூடேறி வீணாகக்கூடாது என்று செய்கிறார்கள். பிளேடுக்குக் காட்டுகிற கரிசனத்தை உங்கள் நெஞ்சுக்கும் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் பிளேடும் கல்லும் தொடுகிற இடத்தில் விழ வேண்டும், அறுத்தபின் தெளிப்பதில் பிரயோஜனம் இல்லை. கரண்ட் மெஷின் பக்கத்தில் தண்ணீர் என்றால் வேறு ஆபத்து இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பொருத்தியே வருகிற மெஷினாக இருந்தால் நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் தானாகவே அணைக்கிற ஈஎல்சிபி போட்ட லைனா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே பிளக்கை மாட்டுங்கள். இல்லையென்றால் அவரைப் போடச் சொல்லுங்கள். காய்ந்த மாவைத் துடைப்பத்தால் தள்ளாதீர்கள், ப்ளோயரால் ஊதாதீர்கள். நனைத்து வழித்தெடுங்கள். துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள், குழந்தைகள் இருக்கும். முகத்தில் அழுந்தி உட்காருகிற என்95 மாஸ்க் தண்ணீரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியது, தண்ணீருக்குப் பதில் ஆகாது. தாடி வைத்திருந்தால் ஓரம் வழியே எல்லாம் உள்ளே போகும்.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சிலிகோசிஸ் இருந்தது. என் வீட்டு வாசல் தொழிற்சாலை இல்லையே, யார் தெரிவிப்பார்கள்? 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலாவது பெயரைப் பதிந்துவையுங்கள். பதியும்போது அங்கேயும் உங்கள் வேலையின் பெயரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அந்த ஒரு வரி வேண்டியிருக்கும். உங்களோடு வடக்கேயிருந்து வந்த பையன்கள் வேலை பார்ப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. டீ நேரத்தில் இதைப் படித்துச் சொல்லிவிடுங்கள், தூசி இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து.

அந்தத் தம்பியிடம் போனில் பேசினேன். நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று முதலில் அவருக்குப் புரியவே இல்லை. "விடுங்க சார், எல்லா வீட்லயும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார். வருகிற வியாழக்கிழமை மாடிப்படிக்குக் கல் போட வருகிறார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஈஎல்சிபி போட்டாயிற்று. இருபது அடி டியூப் வாங்கித் தோட்டத்துக் குழாயில் மாட்டி வைத்திருக்கிறேன். போர்டிகோவைக் கழுவுவதற்குப் புதுத் துடைப்பம் ஒன்றும் இருக்கிறது, அது என் வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு எக்ஸ்ரேகாரன்